மைதீன் வண்டி ஜெயித்த வழக்கு

போன மாதம் ஓர் இளம் வக்கீல் என்னைப் பார்க்க வந்தான். குற்றாலத்தில் பங்களாக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் காரை நிறுத்தியிருக்கிறான். அபராதச் சீட்டைக் கண்ணாடியில் சொருகிவிட்டுப் போய்விட்டார்கள். சீட்டை என் மேஜையில் போட்டுவிட்டு ஒரே சிரிப்பு.

"அண்ணாச்சி, அந்தக் காலத்துல இதே மாதிரி ஒரு கேஸ ஒங்க ஆபீஸ்ல ஜெயிச்சீங்களாமே? குதிர வண்டிக்காரன் கேஸ். பார் ரூம்ல இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்காங்க. அந்த ஆர்க்யுமெண்ட் என்னதுன்னு சொல்லுங்க, நானும் அப்படியே அடிச்சுவிடுதேன்."

"சிரிக்கிறதுக்கு அதுல ஒரு எழவும் இல்ல தம்பி, பணத்தக் கட்டிட்டு சோலியப் பாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பையன் முகம் சுருங்கிப் போய்விட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வழக்கின் முதல் பாதியை மட்டும் கேட்டவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். அதைப் பார் ரூமில் சொன்ன என் வக்கீல் ஐயா அந்தப் பாதியோடு நிறுத்திக்கொண்டார். மீதிப் பாதி தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், பள்ளிக்கூடம் முடிந்த கையோடு தென்காசியில் சங்கரலிங்கம் வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டாம்பு ஒட்டினேன், கேஸ் கட்டுகளை நூல் போட்டுத் தைத்தேன், வாய்தா தேதியை மறந்து ஏச்சு வாங்கினேன், கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நின்று நின்று கால் வீங்கினேன். எல்லாக் குமாஸ்தாவும் செய்ததுதான். எங்கள் ஆபீசில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஐயா கட்சிக்காரரோடு நேரே பேச மாட்டார். கட்சிக்காரர் எதிரே கைகட்டி நிற்பார். ஐயா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்பார்: "அந்த வயலுக்குத் தீர்வை யாரு கட்டுதான்னு கேளும்." நான் திரும்பி, பக்கத்திலேயே நிற்கிற மனுஷனிடம், "தீர்வை யாரு கட்டுதாங்க?" என்பேன். அவருக்கென்ன காது கேட்காதா? நான் கேட்பதற்கு முன்பே ஐயாவைப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பார். ஐயா அசைய மாட்டார். நான் அதே பதிலைத் திரும்ப எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர் காதில் விழும். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற உத்தியோகம்! ஆரம்பத்தில் எனக்கே சிரிப்பாக வந்தது. நாளாக ஆக ஒன்று புரிந்தது. கட்சிக்காரன் பயந்து இழுத்துச் சொல்வது, பாதியில் விழுங்குவது, கண்ணால் கெஞ்சுவது எல்லாம் என்னோடு நின்றுவிடும். ஐயாவுக்குப் போவது வெறும் சங்கதி மட்டும். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

கோர்ட்டுக்குள் நுழைந்தால் மனுஷன் ஆளே வேறு. குரல் கணீரென்று வரும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது நடுவில் ஒன்று சொல்லுவார், மாஜிஸ்திரேட்டே உதட்டைக் கடித்துக்கொண்டு குனிவார், கோர்ட்டே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காக ஐயா எதையும் செய்வார். ஜெயிப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. சாயங்காலம் பார் ரூமில் பேச்சு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது மைதீன் சங்கதிக்கு வருகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். குற்றாலத்தில் சீசன் என்றால் ஆனியில் சாரல் விழுந்ததும் வெளியூர்ப் பணக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார்கள். சமையல்காரன், எண்ணெய் தேய்க்கிறவன், நாய், கிராமபோன், எல்லாம் கூடவே வரும். ஆவணி முடிந்தால் பங்களாக்களைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் ஒன்பது மாதம் குரங்கும் காவல்காரனும்தான். அந்தப் பங்களாத் தெருக்களில் ஒன்றில், வரிசையின் பின்னால் ஓடைப் பக்கமாக, பத்துப் பன்னிரண்டு ஓலை வீடுகள் இருந்தன. வண்டிக்காரர்கள், துணி வெளுக்கிறவர்கள், பங்களாவில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். மைதீன் பாய் அதில் ஒருவர். பூர்வீகம் கடையநல்லூர், தறிக்காரக் குடும்பம். தறிக்குழியில் உட்கார்ந்தால் நெஞ்சடைப்பு வருகிறது என்று இளவயதிலேயே விட்டுவிட்டுக் குதிரை வாங்கி வண்டி ஓட்ட வந்தவர். தென்காசி ஸ்டேஷனுக்கும் அருவிக்குமாக ஓட்டுவார்.

அந்த ஓலை வீட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடு எங்கே என்று யார் கேட்டாலும், தென்காசி வழியில் இருக்கிற பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லி, "மேலகரம்" என்பார்கள். ரேஷன் மேலகரத்தில், ஓட்டு மேலகரத்தில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலாசமும் மேலகரத்தில் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீடு. அவர்கள் குடியிருந்த இடம் குற்றாலம் டவுன்ஷிப் கமிட்டியின் புறம்போக்கு. கமிட்டிக்காரர்களுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். சீசனில் வேலைக்கு ஆள் வேண்டுமே! இவர்கள் சொல்லக் கூடாது, அவர்கள் கேட்கக் கூடாது. வாய் திறக்காத வரைக்கும் கூரைக்கு ஆபத்தில்லை என்று ஒரு தலைமுறையே அங்கே வாழ்ந்துவிட்டது.

அந்த வருஷம் பங்களாத் தெருவில் கார்கள் கூடிவிட்டன. காரை நிறுத்த இடமில்லை என்று பங்களாக்காரர்கள் கமிட்டியிடம் சத்தம் போட்டிருக்கிறார்கள். உடனே தெருக்கோடியில் மாமரத்தடியைச் சுற்றி வெள்ளையடித்த கல்லை வரிசையாக நட்டு, "இத்தெருவில் குடியிருப்போர் வண்டிகள் மட்டும் நிறுத்துமிடம்" என்று பலகை வைத்துவிட்டார்கள். மைதீன் பல வருஷமாக வண்டியை அவிழ்த்து நிறுத்துகிற இடம் அது. மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவார், ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுப்பார், குதிரையை ஓடைக்குத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போவார். பலகை வைத்த பிறகும் அப்படியே செய்தார். எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? பலகையில் அவருக்கு விரோதமாக ஒன்றும் எழுதியில்லையே!

ஒருநாள் ஒரு மில் முதலாளியின் கார் வந்து ஹாரன் அடித்தது. வண்டி நடுவில் நின்றது, குதிரை ஓடையில் நின்றது. முதலாளி நேரே கமிட்டி ஆபீசுக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஓவர்சியர் சைக்கிளில் வந்து குற்றப்பத்திரம் எழுதினான். அதோடு விட்டானா? வண்டியில் அடித்திருந்த தகர வில்லையை நெம்பிக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த வில்லை கமிட்டி கொடுக்கிற நம்பர். அது இல்லாத வண்டி சவாரி ஏற்றக் கூடாது. மூன்று மாதச் சவாரியில்தான் வருஷம் பூராவும் அடுப்பெரிய வேண்டும். அபராதம் விதிக்கப்பட்டால் அந்த சீசனுக்கு வில்லை கிடையாது என்று ஓவர்சியர் சொல்லிவிட்டான்.

மற்றவர்களுக்கு அபராதக் கேஸ் ஒரு பெரிய விஷயமே இல்லை. தென்காசிக் கோர்ட்டில் அந்தக் கேஸ்களை ஒரே நாளில் போடுவார்கள். டவாலி மூன்று தரம் பெயர் சொல்லிக் கத்துவான். ஆள் கூண்டுப் பக்கம் போய் நிற்பான். "ஒத்துக்கிடுதியா?" "ஒத்துக்கிடுதேன் சாமி." அடுத்த ஆள். சைக்கிளில் விளக்கில்லாதவன், ரோட்டில் மாட்டை விட்டவன் எல்லாரும் அப்படித்தான் கடந்து போவார்கள். மைதீனுக்கு அது முடியாது. ஒத்துக்கொண்டால் வில்லை போச்சு, சீசன் போச்சு. அதனால்தான் மனுஷன் எங்கள் ஆபீஸ் படி ஏறினார். கூடவே அவர் மனைவி பாத்துமா, இடுப்பில் ஒரு குழந்தையோடு.

ஐயா ஜன்னலைப் பார்த்தார். "வண்டி ஏன் அங்க நின்னுச்சுன்னு கேளும்."

கேட்டேன். "சோறு திங்க வந்தேன் அண்ணாச்சி. எப்பவும் நிப்பாட்டுத எடம்தான்" என்றார் மைதீன்.

"சோறு திங்க அங்க எதுக்கு வந்தாருன்னு கேளும்."

மைதீன் பின்னால் திரும்பினார். பாத்துமாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். நான் இன்னொரு தரம் கேட்டதும், என் காதருகே வந்து, "வீடு அங்கனதான் அண்ணாச்சி. அத வெளிய சொல்லுதது இல்ல. கேட்டா மேலகரம்னுதான் சொல்லுவோம்" என்றார்.

நான் ஐயாவிடம் திருப்பிச் சொன்னேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஐயா ஜன்னலை விட்டுத் திரும்பி ஒரு கட்சிக்காரரை நேராகப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! "வே, பலகையில என்ன போட்டிருக்குன்னு சொன்னீரு? குடியிருப்போர் வண்டியா? அப்போ இவரு குடியிருப்போர்தானவே! வருஷம் பன்னெண்டு மாசமும் இருக்கிறவன் குடியிருப்போரா, மூணு மாசம் குளிச்சிட்டுப் போறவன் குடியிருப்போரா? ஆஹா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கேஸை ஜெயிக்க வேறு வழியும் இருந்தது. அந்தப் பலகையை வைப்பதற்கு முன்னால் கமிட்டி முறைப்படி தீர்மானம் போட்டு விளம்பரம் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அதைக் கண்டுபிடித்ததும் ஐயாதான், வேறு யாருமில்லை. மறுநாளே என்னிடம் சொன்னார்: "அதச் சொன்னாலும் கேஸ் நிக்காதுவே. அஞ்சு நிமிஷத்துல தள்ளிருவான். ஆனா அதுல என்ன ருசி இருக்கு? யாரு பேசுவா அதப் பத்தி?"

நான், "ஐயா, அந்த எடம் புறம்போக்கு. அவரு அங்க குடியிருக்கேன்னு கோர்ட்ல சொன்னா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"இது பார்க்கிங் கேஸ் வே. புறம்போக்குச் சங்கதி இதுல எங்க வருது? நீரு போயி மனு எழுதும்."

அது என்ன மனு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவனை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்க முடியாது. அவன் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம், அது அவன் உரிமை. சத்தியம் செய்து தன் பக்கம் சொல்ல வேண்டும் என்றால், "நானே விரும்பிக் கேட்கிறேன்" என்று அவனே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் கோர்ட்டில் யாரும் அதுவரை அதைத் தொடவில்லை. ஐயாவுக்கு அதிலும் ஒரு பெருமை.

மைதீனுக்கு நான் விளக்கிச் சொன்னேன். சத்தியம் பண்ண வேண்டும், இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்றதும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் ஒருத்தன் மட்டும்னா சொல்லிருவேன். அங்கன பத்துப் பன்னெண்டு வீடு இருக்கு. எல்லாருக்கும் சேத்துல்லா நான் சொல்லுத மாதிரி ஆயிரும்? வேற வழி இல்லையான்னு ஐயாட்ட ஒரு வார்த்த கேளுங்க."

கேட்டேன். ஐயா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "வில்லை வேணுமா வேண்டாமான்னு கேளும்."

பாத்துமா அதுவரை வாய் திறக்காதவள், மைதீனின் தோளைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் வாங்க. நம்ம சொந்தக்காரங்க எல்லாம் தறி ஓட்டிப் பொழைக்கலையா? கடையநல்லூருக்கே போயிருவோம். எம்மேல ஆணை, அத மட்டும் சொல்லாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க மொகத்துல முழிக்க முடியாது."

"சும்மா கெட ஏட்டி" என்றார் மைதீன். அதட்டலில் சத்தமே இல்லை. "குதிரைக்கு யாரு தீனி போடுவா? தறிக்குழியில போயி உக்காந்தா எனக்கு மூச்சு வராதுன்னு ஒனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டுப் பெருவிரலை நீட்டினார். நான் மை தடவினேன்.

விசாரணை நாளன்று கோர்ட்டில் கூட்டம். ஐயா முதல் நாளே பார் ரூமில் ஜாடையாகச் சொல்லி வைத்துவிட்டார், அதனால் வேறு வேலை இல்லாத வக்கீல்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓவர்சியர் சாட்சி சொன்னான். ஐயா எழுந்தார்.

"இந்தத் தெருவில் புகார் கொடுத்த பங்களாக்காரர் எத்தனை மாதம் இருப்பார்?"

"சீசனுக்கு மூணு மாசம்."

"மற்ற மாதங்களில் அங்கே குடியிருப்பது யார்?"

ஓவர்சியர் கொஞ்சம் யோசித்தான். "யாரும் இல்ல."

"குரங்குகூட இல்லையா?"

கோர்ட் சிரித்தது. மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஐயாவின் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது. அப்புறம் மைதீனைக் கூண்டில் ஏற்றினார். அல்லா பெயரில் சத்தியம் வாங்கினார்கள். "நீர் எங்கே குடியிருக்கிறீர்?"

மைதீன் வாசல் பக்கம் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓலை வீட்டுக்காரர்கள் சிலர் வாசல் பக்கம் நின்றிருந்தார்கள். பக்கத்து வண்டிக்காரர் மாடசாமி முன்னால் நின்று, தலையை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினார். வேண்டாம் என்கிறார். நான் பார்த்தேன். மைதீனும் பார்த்தார். ஐயா முதுகைக் காட்டி நின்றதால் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

"ஏன் முழிக்கிறீர்? கேட்டதுக்குப் பதில் சொல்லும்" என்றார் மாஜிஸ்திரேட்.

"இங்கனதான் சாமி... குத்தாலத்துல, பங்களாவுக்குப் பின்னாடி, ஓடைக்கரையில. எம் பிள்ளைய மூணும் அங்கனதான் பொறந்துச்சு."

"வருஷம் முழுவதுமா?"

"வருசம் பூராவும்."

"நீர் மட்டும்தானா?"

இந்தக் கேள்வி எதற்கு? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. கேஸுக்கு அது தேவையே இல்லை. ஐயாவுக்கு அந்த இடத்தில் இன்னொரு சிரிப்புக்கு வழி தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். மைதீன் தலையைக் குனிந்துகொண்டு, "பத்துப் பன்னெண்டு குடும்பம் இருக்கோம்" என்றார்.

ஐயா இரண்டு கையையும் விரித்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே! ஒரு தெருவில் பன்னிரண்டு குடும்பம் பன்னிரண்டு மாதமும் குடியிருக்கிறது. குழந்தை பெறுகிறது. குதிரை வளர்க்கிறது. கமிட்டியாருக்குக் கண் தெரியவில்லை. குளிக்க வந்தவர் குடியிருப்போராம், குடியிருப்பவர் குற்றவாளியாம்!" சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டவாலி "சத்தம் போடாதீங்க" என்று கத்திக்கொண்டே அவனும் சிரித்தான்.

விடுதலை. வில்லையைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவு. மாஜிஸ்திரேட் தீர்ப்பிலேயே, எதிரியான மைதீன் அந்த இடத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று எழுதிவிட்டார். மைதீன் கூண்டிலிருந்து இறங்கி ஐயாவைப் பார்த்துக் கும்பிட்டார். ஐயா பக்கத்து வக்கீலோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் ஓவர்சியர் என் பக்கத்தில் வந்து நின்றான். தோற்றவன் முகமாகவே இல்லை. "ஏம்வே, தீர்ப்பு நகல் எப்பக் கிடைக்கும்?" என்றான்.

"அப்பீலா?" என்றேன்.

"அப்பீல் என்னத்துக்கு? ரொம்பச் சரியான தீர்ப்புல்லா" என்று சிரித்துக்கொண்டு போனான். ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "வாங்கிட்டுப் போகட்டும். அவன் ஆபீஸ்லயும் நாலு பேரு படிக்கட்டும்வே" என்றார்.

சீசன் முடிகிற வரைக்கும் கமிட்டி ஒன்றும் செய்யவில்லை. பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டுமே! மைதீன் வில்லையை அடித்துக்கொண்டு ஜோராகச் சவாரி ஓட்டினார். மாமரத்தடியில் கார்களுக்கு நடுவில் அவர் வண்டி நின்றது. அதைப் பார்க்கவென்றே தென்காசியிலிருந்து ஆட்கள் போனார்கள். ஒருநாள் கடையநல்லூரிலிருந்து அல்வா வாங்கிவந்து ஆபீசில் கொடுத்தார். "பயந்துக்கிட்டே கெடந்தேன் அண்ணாச்சி. ஒண்ணும் ஆவல. இப்ப எல்லாம் எம்பிள்ளைய தைரியமா எங்க வீடு குத்தாலம்னு சொல்லுது" என்றார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பங்களாக்களைப் பூட்டியதும் நோட்டீஸ் வந்தது. ஓலை வீடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. கமிட்டிக்குச் சொந்தமான இடத்தை ஆக்கிரமித்து நிரந்தரமாகக் குடியிருப்பதாக, அங்கே இருப்பவர்களில் ஒருவர் தாமாகவே விரும்பிக் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்லி, கோர்ட்டாரும் அதை ஏற்றுக்கொண்டிருப்பதால், காலி செய்ய வேண்டியது. இத்தனை வருஷமாக அங்கே யார் இருக்கிறார்கள், எத்தனை குடும்பம் என்று கமிட்டியிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்ததில்லை. நாங்கள் கொடுத்தோம். கோர்ட் முத்திரை வைத்துக் கொடுத்தோம்.

மைதீனும் மாடசாமியும் இன்னும் சிலரும் ஆபீசுக்கு வந்தார்கள். அன்றைக்கு யாரும் கைகட்டி நிற்கவில்லை.

ஐயா ஜன்னலைப் பார்த்தார். "இது சிவில் சங்கதின்னு சொல்லும். அது வேற கேஸ். வேற வக்காலத்து போடணும். போட்டாலும் நிக்காது. அவரே குடியிருக்கேன்னு சொல்லியிருக்காரே, அத எப்படி இல்லைன்னு சொல்ல முடியும்னு கேளும்."

அன்றைக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை, எல்லாருக்கும் காது கேட்டது. மாடசாமி மைதீனின் பக்கம் திரும்பினார்.

"ஒரு வில்லைக்கு எல்லார் வீட்டையும் வித்துட்டீரே வே. தலைய ஆட்டினேன்லா? பாத்தீருல்லா? எங்கள ஏன்வே சொன்னீரு? ஒம்ம மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா?"

மைதீன் ஐயாவைப் பார்த்தார். கேள்வி கேட்டவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஐயா அடுத்த கேஸ் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

நான் எனக்குத் தெரிந்தவரைக்கும் ஓடினேன். கமிட்டி ஆபீசில் போய் நின்றேன், அவகாசம் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். "கோர்ட் சொல்லிட்டுதே" என்ற ஒரே பதில். ஒரு மாதம் இழுக்க முடிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கூரை பிரிக்கிற நாளில் நான் போனேன். ஐயாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போனேன். சாரல் இல்லாத காலம், அருவி சுவரில் ஒட்டின நூல் மாதிரி வடிந்தது. கமிட்டி ஆட்கள் ஓலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, அழவுமில்லை. பெண்கள் பானை சட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டினார்கள். எல்லாரும் மேலகரத்துக்குத்தான், ரேஷன் கார்டில் எழுதியிருக்கிற அந்தச் சொந்தக்காரர் வீடுகளுக்கு. அவர்கள் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்களோ, யாருக்குத் தெரியும்?

மைதீன் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் போய், "ஏத்துங்க, எத்தன நடை வேணும்னாலும் போயிட்டு வாரேன்" என்றார். ஒருவரும் ஏற்றவில்லை. மாடசாமி தன் வண்டியில் தன் சாமானை ஏற்றிக்கொண்டு முதலில் போய்விட்டார். வண்டியில்லாதவர்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். முழங்கால் வீங்கிய ஒரு கிழவி, துணி வெளுக்கிற இசக்கியின் தாயார், அவளால் நடக்கவே முடியாது. மைதீன் அவள் கையைப் பிடித்து, "ஆச்சி, நீங்களாவது ஏறுங்க" என்றார். அவள் கையை உதறிக்கொண்டாள். "ஒன் வண்டியில ஏறுததுக்கு நான் தவந்தே போயிருவேன்."

மைதீன் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "அண்ணாச்சி, நீங்க தென்காசிக்குத்தான போறீய? ஏறுங்க. ஒங்களையாவது கொண்டு விடுதேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷனிடம் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லாத ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். ஏறினேன். வைக்கோலும் மெத்தையும் புதிதாகப் போட்டிருந்தார், சாமான் ஏற்றுவதற்காக இல்லை, ஆட்கள் உட்காருவதற்காக.

மேலகரம் ரோட்டில் அவர்களைப் பிடித்துவிட்டோம். தலையில் மூட்டை, கையில் கோழி, அரிக்கன் விளக்கு, வரிசையாகப் போனார்கள். மணிச் சத்தம் கேட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். சீசனுக்கு வந்த துரைமாரைப் போல வண்டியில் நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில், இடுப்பில் குழந்தையோடு, தலையில் அரிசிப் பானையோடு பாத்துமா போய்க்கொண்டிருந்தாள். அவளும் வழிவிட்டு ஒதுங்கினாள்.

மைதீன் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினாலும் அவள் ஏறியிருக்க மாட்டாள்.